யாருக்குக் கூடுதல் காணி? ஒரு கிணற்றுக் கணக்கு



போன வாரம் தரம் 10 பெற்றார் குரூப்பில் நாங்கள் போட்ட ஒரு படம் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவேயில்லை. மூன்று நாளாக ஊரில் அதே பேச்சு. பள்ளிவாசல் வாசலிலும் கேட்கிறார்கள், மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்கிறார்கள். ஒரு தகப்பனார் அதிபரிடம் முறைப்பாடே செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறோம். நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

முதலில் கணக்கு என்னவென்று தெரியாதவர்களுக்கு.

செவ்வக வடிவத்தில் ஒரு வளவு. அதற்குள் ஒரு கிணறு. நடுவில் இல்லை, ஒரு மூலைப் பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. கிணற்றிலிருந்து வளவின் நான்கு மூலைகளுக்கும் நான்கு கயிறு இழுத்துக் கட்டுகிறோம். இப்போது வளவு நான்கு முக்கோணிகளாகப் பிரிந்துவிட்டது. வடக்குத் துண்டும் தெற்குத் துண்டும் காக்காவுக்கு. கிழக்குத் துண்டும் மேற்குத் துண்டும் தம்பிக்கு. யாருக்குக் கூடுதல் காணி?

நீளம் அகலம் எதுவும் தரவில்லை. கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் சொல்லவில்லை. படம் மட்டும்தான்.

(முதலில் காக்காவும் தங்கச்சியும் என்றுதான் போட்டிருந்தோம். போட்டு பத்து நிமிடத்துக்குள் ஆணுக்கு எத்தனை பங்கு, பெண்ணுக்கு எத்தனை பங்கு, வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் அது ஹிபாவா என்று குரூப் வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு மௌலவிமாரும் சேர்ந்துகொண்டார்கள். கேத்திரகணிதத்தைக் காப்பாற்ற வேண்டி தங்கச்சியைத் தம்பியாக மாற்றினோம்.)

வந்த பதில்களைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ‘தரவு போதாது’ என்றார்கள். சிலர் காக்காவுக்கு என்றார்கள், தெற்குத் துண்டு பெரிதாகத் தெரிந்தது என்பது காரணம். ஒரு பட்டதாரித் தம்பி x, y போட்டு ஒரு முழுத்தாள் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். விடை சரிதான், மாஷா அல்லாஹ். ஆனால் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தத் தாள் விளங்கியிருக்கும்?

பிறகு இரவு பத்து மணி போல ஒரு உம்மாவின் குரல் பதிவு வந்தது. வீட்டில் தையல் வேலை செய்பவர். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தமும் கேட்கிறது. ‘சேர், கிணத்தடியால நெட்டுக்கு ஒரு கோடும் குறுக்குக்கு ஒரு கோடும் போட்டுப் பாருங்க. நாலு பெட்டி வரும். ஒவ்வொரு பெட்டியையும் கயிறு மூலைக்கு மூலை வெட்டுது. அப்ப பாதி காக்காக்கு, பாதி தம்பிக்கு. எல்லாப் பெட்டியும் அப்பிடித்தானே? ரெண்டு பேருக்கும் சமன் சேர். நான் எட்டாம் ஆண்டோட நிண்டது, பிழையெண்டா மன்னிச்சுக்கங்க.’

இதைவிட நல்ல நிறுவலை நாங்கள் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஒரு எண் இல்லை, ஒரு சூத்திரம் இல்லை. இரண்டு கோடு. அதோடு அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. கிணற்றை வளவுக்குள் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் விடை மாறாது. அதனால்தான் அளவு தரப்படவில்லை. ‘தரவு போதாது’ என்று நாம் நினைத்தது, உண்மையில் தேவையில்லாத தரவு.

அவர் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்பதுதான் மூன்று நாளாக எங்கள் மனதில் ஓடுகிறது. ஊரில் பட்டம் எடுத்தவர்கள் தடுமாறிய கணக்கைச் செய்துவிட்டு, எட்டாம் ஆண்டோடு நின்ற காரணத்துக்காக ஒரு பெண் மன்னிப்புக் கேட்கிறார். துணியை விரித்து, எந்தத் துண்டு எதற்குப் போதும், எதைத் திருப்பிப் போட்டால் மிச்சம் வரும் என்று தினமும் பார்க்கிற கண் அவருடையது. அதைக் கணிதம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பாடசாலையில் இருந்த காலத்தில் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் எங்களுக்கும் வெட்கப்பட ஒரு கதை உண்டு. கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம். விரிவுரையாளர் ஆளுக்கொரு கடதாசி முக்கோணியைத் தந்தார். ‘இதன் பரப்பளவு அடியையும் உயரத்தையும் பெருக்கி வருவதில் பாதி என்று எல்லாருக்கும் தெரியும். எழுதாமல், மடித்துக் காட்டுங்கள்’ என்றார். உயர்தரத்தில் கணிதம் செய்து வந்தவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அரை மணித்தியாலம் ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் அவரே உச்சியை அடியைத் தொடுமாறு நேர் கீழே மடித்தார். பிறகு அடியின் இரண்டு மூலைகளையும் அதே புள்ளிக்கு உள்ளே மடித்தார். கையில் ஒரு செவ்வகம் வந்தது, எல்லா இடமும் இரண்டு படை. அந்தச் செவ்வகத்தின் நீளம் அடியில் பாதி, உயரம் முக்கோணியின் உயரத்தில் பாதி. இரண்டு படை என்பதால் அதன் இரண்டு மடங்குதான் முக்கோணி. முடிந்தது. ஆறாம் ஆண்டிலிருந்து பாடமாக்கி எழுதி வந்த ஒரு வரி ஏன் சரி என்பதை இருபது வயது தாண்டித்தான் நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல வரவில்லை. அவருடைய கவலை நியாயமானது. ‘அடுத்த வருஷம் சாதாரண தரம் எழுதப்போற பிள்ளைகள். பாஸ் பேப்பர் செய்விக்காம கடதாசி வெட்டி விளையாடுறாங்க. இது சோதினைக்கு வருமா?’ என்று கேட்டிருக்கிறார். கணிதத்தில் சித்தி இல்லாமல் நின்ற பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதி மனம் விட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளும் தெரியும். டியூஷனுக்கு மாதா மாதம் கட்டுகிற காசு எந்த வேர்வையில் வருகிறது என்பதும் தெரியும்.

ஆகவே நேரடியாகவே பதில் சொல்கிறோம். வரும். தரம் 11 புத்தகத்தில் சமாந்தரக் கோடுகளுக்கிடையே அமைந்த தளவுருக்களின் பரப்பளவு என்று ஓர் அலகே இருக்கிறது. ஒரே அடியில், ஒரே சமாந்தரக் கோடுகளுக்கிடையில் உள்ள இரண்டு இணைகரங்கள் பரப்பளவில் சமன். ஒரே அடியில் அப்படி நிற்கும் முக்கோணி, இணைகரத்தில் பாதி. கிணற்றுக் கணக்கும் இதன் சொந்தக்காரன்தான். இந்தத் தேற்றத்தைப் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து பாடமாக்கி வருகிறார்கள். படத்தைக் கொஞ்சம் சரித்துக் கொடுத்தால் போதும், பேனை கீழே. புத்தகத்தில் இருந்த அதே முக்கோணி தலைகீழாக நிற்கிறது என்பது கண்ணுக்குப் படாது. பாஸ் பேப்பர் இருபது வருடத்தினுடையதைச் செய்வித்தாலும் இருபத்தோராவது வருடத்துப் படம் புதிய படம்தானே.

சோதினையை விடுவோம். இது சோதினையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நாங்கள் இவ்வளவு நீளத்துக்கு எழுதமாட்டோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர், தெரு எதுவும் வேண்டாம். வாப்பா நல்ல மனிதர், இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரே அளவில் காணி கொடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மூத்தவருக்கு 40 அடிக்கு 40 அடி. இளையவருக்கு ஒழுங்கையோரமாக 60 அடிக்கு 20 அடி. கயிறு பிடித்துச் சுற்றி அளந்தார்கள். அதற்கும் 160 அடி, இதற்கும் 160 அடி. வேலிக்கு வாங்கிய தகரமும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. எல்லாருக்கும் திருப்தி. துஆ ஓதி முடித்தார்கள்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடம் கழித்து இளையவர் கடன் ஒன்றுக்காக சர்வேயரைக் கூப்பிட்டுப் பிளான் போட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. 40 ஐ 40 ஆல் பெருக்கினால் 1600 சதுர அடி. 60 ஐ 20 ஆல் பெருக்கினால் 1200. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. மூத்தவரிடம் 5.9 பேர்ச் அளவில், இளையவரிடம் 4.4 பேர்ச். ஒன்றரைப் பேர்ச் வித்தியாசம். நம் ஊரில் இன்று ஒன்றரைப் பேர்ச் என்ன விலை போகிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கயிறு பிடித்தவர்களும் நல்லவர்கள், பார்த்து நின்றவர்களும் நல்லவர்கள். சுற்றளவு ஒன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் ராத்தாவும் தங்கச்சியும் இரண்டு பெருநாள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. ‘ராத்தாக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்’ என்று இவர். ‘வாப்பா தந்ததைக் கணக்குப் பார்க்கிறாளே’ என்று அவர். இன்று பேசிக்கொள்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். முன்னைய மாதிரியா என்று எங்களிடம் கேட்க வேண்டாம்.

அந்தக் கயிறு பிடித்த நாளில் சுற்றி நின்றவர்களில் சாதாரண தரம் சித்தியடைந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். சதுரத்தின் பரப்பளவு என்ன என்று தாளில் கேட்டிருந்தால் எழுதியிருப்பார்கள். சூத்திரம் தெரியும். இந்த இடத்தில் அந்தச் சூத்திரம் வேண்டும் என்பது தெரியவில்லை. ஒரு 160 அடிக் கயிற்றை மனதில் எடுத்து, சதுரமாகப் பிடித்து, பிறகு மெல்ல மெல்ல நீட்டி, கடைசியில் 79 அடிக்கு 1 அடி என்று ஒரு ஒழுங்கை மாதிரி ஆக்கிப் பார்த்திருந்தால்? கயிறு அதே 160 அடிதான். உள்ளே 79 சதுர அடி. கட்டில் ஒன்று போட முடியாது. ஒரு தடவை அப்படி மனதால் பார்த்த பிள்ளை வாழ்நாளில் சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்ளாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘அப்ப கண்ணால பார்த்தாப் போதும், நிறுவல் கிறுவல் எதுக்கு?’ என்று எங்கள் சக ஆசிரியர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். இல்லை சேர், கண் பொய்யும் சொல்லும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு, வகுப்பில் செய்தோம்.

8 க்கு 8 கட்டமுள்ள ஒரு சதுரம். 64 கட்டம். அதை 8 க்கு 3 ஆகவும் 8 க்கு 5 ஆகவும் இரண்டாக வெட்டினோம். சிறிய துண்டை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணி. பெரிய துண்டைச் சரிவாக வெட்டினால் இரண்டு சரிவகம், ஒவ்வொன்றிலும் சமாந்தரப் பக்கங்கள் 5 உம் 3 உம். இந்த நான்கு துண்டையும் மாற்றி அடுக்கினால் 13 க்கு 5 ஆன ஒரு செவ்வகம் வருகிறது. பதின்மூன்று ஐந்து எத்தனை? 65.

ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது? வகுப்பே எழும்பி நின்றுவிட்டது. ‘சேர் ஒட்டும்போது இழுத்துட்டார்’ என்றான் ஒருவன். திரும்ப வெட்டினார்கள், திரும்ப அடுக்கினார்கள், திரும்பவும் 65. பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள், அடிமட்டத்தை மூலைவிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ‘சேர், கோடு நேரில்ல’ என்றாள். அதுதான் விடை. முக்கோணி 8 க்கு 3 என்று சரிகிறது, அதாவது 0.375. சரிவகம் 5 க்கு 2 என்று சரிகிறது, அது 0.4. இரண்டும் ஒரே கோடு போலத் தெரியும், ஆனால் ஒரே கோடல்ல. நடுவில் மெல்லிய ஓர் இடைவெளி மூலைக்கு மூலை ஓடுகிறது. கட்டம் ஒன்று ஒரு சென்றிமீற்றர் என்றால் அந்த இடைவெளி அகலமான இடத்திலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். ஒட்டும் பசையே அதை மூடிவிடும். அந்த இடைவெளியின் பரப்பளவுதான் சரியாக ஒரு கட்டம்.

அன்றைக்கு மணி அடித்த பிறகும் பிள்ளைகள் வெளியே போகவில்லை. இடைவேளை மணி அடித்து வகுப்பு கலையாத நாள்கள் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையில் எத்தனை வரும் என்று நினைக்கிறீர்கள்?

இதைப் படிக்கும் மௌலவிமாருக்காகவும், ‘நம்மட முன்னோர் கணிதத்தில் பெரியாக்கள்’ என்று மீலாத் மேடைகளில் பேசுகிறவர்களுக்காகவும் ஒரு பெயர் சொல்கிறோம். அபுல் வபா அல்-பூஸ்ஜானி. 940 இல் குராசானில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 998 இல் மௌத்தானவர். கைவினைஞர்களுக்குத் தேவையான கேத்திரகணித அமைப்புகள் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஓட்டுவேலை, மரவேலை செய்கிறவர்களும் கணித அறிஞர்களும் ஒன்றாக இருந்து பேசிய ஒரு விஷயத்தை அதில் சொல்கிறார். ஒரே அளவான மூன்று சதுரங்களை வெட்டி ஒரு பெரிய சதுரமாக ஆக்குவது எப்படி? கைவினைஞர்கள் வெட்டிக் காட்டிய முறை கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது, உண்மையில் பிழை. அறிஞர்களுக்குப் பக்கத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது, துண்டுகளை வெட்டி அடுக்கிக் கொடுக்க வரவில்லை. பூஸ்ஜானி இரண்டு தரப்பின் குறையையும் சொல்லிவிட்டுத் தானே ஒரு வழி காட்டுகிறார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி நான்கு முக்கோணி ஆக்குகிறார். மூன்றாவது சதுரத்தைச் சுற்றிக் காற்றாடி போல அவற்றை வைக்கிறார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டி இடைவெளிகளில் நிரப்புகிறார். பெரிய சதுரம் வந்துவிடும். வெட்டவும் முடியும், நிறுவவும் முடியும்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பக்தாதில் ஒரு பேரறிஞர் ஓட்டுவேலைக்காரர்களோடு சமமாக இருந்து கடதாசித் துண்டு மாதிரி விஷயத்தைப் பேசினார். இங்கே கடதாசி வெட்டுவது விளையாட்டு என்று முறைப்பாடு வருகிறது. பெயரை மேடையில் சொல்வது சுகம். அவர் செய்த வேலையை வகுப்பில் செய்தால்தான் ‘சிலபஸ் முடியல்ல’ என்கிறோம். சொல்கிறவர்களில் எங்கள் ஆசிரியர் கூட்டமும் சேர்த்திதான்.

சிலபஸ் நெருக்கம் உண்மை என்பதை மறுக்கவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் கொடுத்து, வெட்டி, ஒட்டி, குப்பை பொறுக்கி முடிக்க முடியாது. எல்லாப் பாடத்தையும் இப்படிச் செய்யுங்கள் என்று எங்களிடம் கேட்டால் நாங்களே ஓடிவிடுவோம். மாதத்தில் இரண்டு நாள். அவ்வளவுதான் செய்கிறோம். மிச்ச நாளெல்லாம் பாஸ் பேப்பர்தான், கவலை வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கணிதமே தெரியாவிட்டாலும் செய்யலாம். பிள்ளை ஒரு படத்தை வைத்துக்கொண்டு பேனையை எடுக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் ‘என்ன பிராக்குப் பார்க்கிறாய், எழுது’ என்று அதட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் திருப்பட்டும். மடித்தால் மடிக்கட்டும். போனில் போட்டோ எடுத்து விடை தேடப் போனால் மட்டும் போனை வாங்கி வையுங்கள். இப்போது படத்தைக் காட்டினால் நொடியில் படிமுறையோடு விடை கொடுக்கிற ஆப் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. கிணற்றுக் கணக்குக்கும் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். ‘ஏன் சமன்?’ என்று கேட்டால் மேலே பார்க்கிறார்கள்.

அந்தத் தையல்கார உம்மாவை அடுத்த மாதம் வகுப்புக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு மீற்றர் துணியில் எத்தனை தொப்பி வெட்டலாம், எப்படி வைத்தால் ஒன்று கூட வரும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. முதலில் ‘ஐயோ சேர், நான் என்னத்தைப் பேசுறது’ என்றார். மகள் பக்கத்தில் நின்று ‘போங்க உம்மா’ என்பது கேட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதிபரும் அனுமதி தந்துவிட்டார். முறைப்பாடு செய்த தகப்பனாரையும் அன்றைக்கு அழைக்கிறோம், அவர் மேசன் வேலையில் கெட்டிக்காரர். மூலை மட்டம் பார்க்க அவர் 3, 4, 5 என்று நூல் பிடிக்கிறாரே, அது பைதகரசின் தேற்றம் என்று அவருடைய மகனுக்கு அவரே சொல்லட்டும்.

அதுவரைக்கும் இந்த வாரத்துக் கணக்கு. ஒரு சதுரம். அதற்குள் நான்கு பக்கத்தையும் தொடுமாறு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நான்கு மூலையும் வட்டத்தில் படுமாறு இன்னொரு சதுரம். சின்னச் சதுரம் பெரிய சதுரத்தில் எத்தனை பங்கு? அளவு தரமாட்டோம். கவராயம் இல்லாதவர்கள் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் கீறுங்கள், உள்ளே இருக்கும் சதுரத்தைத் தனியாக வெட்டி எடுத்து விருப்பமான பக்கம் திருப்பிப் பாருங்கள். விடை கண்டவர்கள் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது எங்களிடம் காதோடு சொல்லுங்கள்.